பீடிக்கடை பக்கத்தில் இல்லாத வீடு எதற்கு?
திருநெல்வேலியில் ஆற்றோரக் குடிசைகளில் இருக்கிறவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்து கைலாசபுரம், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைப் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்ததே, அந்த ஆபத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆற்றோர வீடுகளில் பீடி சுற்றுகிற பெண்கள் எத்தனை பேர்! பீடிக்கடையில் இலையும் புகையிலைத் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவாக வெட்டி, மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடியே சுற்றி, கட்டுக் கட்டி மறுபடி அதே கடையில் கொடுக்க வேண்டும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கடையை விட்டு வெகுதூரம் கொண்டுபோய் விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? மகளிருக்கு பஸ் இலவசம், சரி, அந்த பஸ் நேரத்துக்கு வர வேண்டாமா? ஆண்களுக்கும் டவுன், ஜங்ஷன் பக்கம்தான் லோடு இறக்குகிற வேலை, விடியுமுன்னே போய் நிற்க வேண்டும். அப்புறம் பட்டா. ஆற்றங்கரை அரசு நிலமான நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை தலைமுறை இருந்தாலும் அது கிடைக்காது, அதனால் எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம் போகவே போகாது. குடிசைப் பகுதிகளை மேம்படுத்த 1971-இலேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. வெள்ளம் ஏறாத அரசு இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், அந்தப் பெண்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.