எந்த வரிசை அண்ணே?

சனிக்கிழமை இங்க அமெரிக்காவுல நம்ம தமிழாளுங்க ஆளுக்கொண்ணு சமைச்சு எடுத்துட்டு வந்து சேர்ந்து சாப்பிட்ட பாட்லக்ல நடந்தது வந்தவங்களுக்குத் தெரியும், வராதவங்களுக்கு இந்நேரம் வாட்ஸப்ல வந்து சேர்ந்திருக்கும், அதனால திரும்ப விளக்கல. நான் ஏன் தட்ட அப்படியே வெச்சுட்டுக் கிளம்பினேன்னு மட்டும் சொல்லிடறேன். பேப்பர் இல்லாம இந்த நாட்டுல இருக்கறவங்களப் பத்திப் பேச்சு வந்துச்சு. "நாமெல்லாம் சட்டப்படி வரிசைல நின்னு வந்தவங்க, அவனுங்களும் நிக்கட்டுமே"ன்னு அண்ணன் சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினீங்க பாருங்க, அதான்.

எந்த வரிசை?

1892-ல நியூயார்க் துறைமுகத்துல எல்லிஸ் தீவுங்கற குடியேற்றச் சோதனை நிலையம் திறந்தப்ப வந்து இறங்கினவங்களுக்கு விசான்னு ஒண்ணே கிடையாது. கண்ணப் பாப்பாங்க, நாலு கேள்வி கேப்பாங்க, பெரும்பாலானவங்க சில மணி நேரத்துல வெளிய வந்துட்டாங்க, திருப்பி அனுப்பினது நூத்துக்கு ரெண்டு பேர் போல. அவங்க பேரப்பிள்ளைங்கதான் இன்னிக்கு "எங்க தாத்தா முறைப்படி வந்தார்"ங்கறாங்க. முறையே இல்லாத காலத்துல முறைப்படி வர்றதுக்கு என்ன கஷ்டம்? சீனத் தொழிலாளிகளுக்கு அதுக்கு முன்னாடியே, 1882-லயே கதவச் சாத்தியாச்சு. நமக்கு 1917-ல. பகத் சிங் திண்ட்னு ஒருத்தர், முதல் உலகப் போர்ல இந்த நாட்டு ராணுவத்துல இருந்தவர், அவருக்கே 1923-ல சுப்ரீம் கோர்ட் 'நீ வெள்ளைக்காரன் இல்ல, குடியுரிமை கிடையாது'ன்னுடுச்சு. அப்புறம் 1946-ல பெரிய மனசு பண்ணி இந்தியாவுக்கு ஒரு கோட்டா குடுத்தாங்க. வருஷத்துக்கு 100 பேர். சனிக்கிழமை நாமளே அதுக்கு மேல இருந்திருப்போம். 1965-ல குடியேற்றச் சட்டத்த மாத்தினதாலதான் இங்க பாட்லக்கே நடக்குது, அதுவும் கறுப்பின மக்கள் உரிமைக்காக அடி வாங்கின அந்தக் காலத்தோட சேர்ந்து திறந்த கதவு, நாம வரிசைல நின்னு வாங்கினது இல்ல.

அண்ணன் வந்தது 98. மூணு வருஷத்துல க்ரீன் கார்ட், அதாவது நிரந்தரமா தங்கற அனுமதி. நான் 2011. அதே எச்1பி வேலை விசா, அதே மாதிரி வேலை, சொல்லப்போனா அவர் ரெஸ்யூமேவும் என் ரெஸ்யூமேவும்... சரி வேணாம். என் பிரயாரிட்டி டேட், அதாவது க்ரீன் கார்ட் வரிசைல என் இடத்தக் குறிக்கற தேதி, 2015, முறை இன்னும் வரல. வேலை மூலமா வருஷத்துக்கு சுமார் 1,40,000 கார்ட், அதுல ஒரு நாட்டுக்கு பொதுவா 7 சதவீதம்னு 1990 சட்டம். ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. அண்ணன் வந்தப்பவும் இதே சட்டம்தான், அன்னிக்குக் கூட்டம் கம்மி, அவ்ளோதான். இதுல அவரோட ஒழுக்கம் எங்க வந்துச்சுன்னு எனக்குப் புரியல.

போன வருஷம் ஆலங்கட்டி மழைக்கப்புறம் நம்ம வீட்டுக் கூரையெல்லாம் மாத்திக் குடுத்தாங்களே, அவங்களுக்கு எந்த வரிசை? ரெண்டு வருஷப் பயிற்சிகூடக் கேக்காத வேலைக்கு உலகம் மொத்தத்துக்கும் சேத்து வருஷத்துக்கு 10,000 கார்டுக்கு மேல சட்டத்துலயே இல்ல. கூடப்பொறந்தவன் சிட்டிசனாகி ஸ்பான்சர் பண்ணாலும் மெக்சிகோக்காரருக்கு 20 வருஷத்துக்கு மேல ஆகும். நிக்கட்டும்னு சொல்றது ஈஸி, எங்க நிக்கணும்னு காட்டுங்க.

"அப்போ பார்டரத் திறந்து விட்டுடலாமா"ன்னு ஒருத்தர் வருவார். நான் அப்படிச் சொல்லல, மேல போய்ப் படிங்க. "இவனுக்குப் பொறாமை"ன்னும் சொல்வீங்க. ஆமா, பொறாமைதான், இத்தன வருஷம் காத்திருந்தவனுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

"புடிக்கலேன்னா ஊருக்குக் கிளம்பு"ங்கறதுதான் வலிக்குது, ஏன்னா அத வெள்ளைக்காரன் என்கிட்ட சொன்னதில்ல, நம்மாளுதான் சொல்றான். வந்த நாள்லேருந்து வரி கட்டறேன், வேலை போனா 60 நாள்ல வேற வேலை தேடணும், இல்லன்னா மூட்ட கட்டணும். நான் கட்டிடுவேன் சார், எனக்கு ஒண்ணுமில்ல. என் பொண்ணு? அஞ்சு வயசுல வந்தா, தமிழ்ல எழுத்துக்கூட்டித்தான் படிப்பா, இப்ப 19. போன மாசம் லைசென்ஸ் ரின்யூ பண்ணோம். அவ ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் பல வருஷம் போட்டுக் குடுத்திருக்காங்க, இவளுக்கு 21-வது பொறந்தநாளோட முடியுது, ஏன்னா என் விசாவ ஒட்டி அவளுக்குக் குடுத்த எச்4 விசா அன்னியோட காலி. "அப்பா, பர்த்டேய மறக்காம இருக்க கவர்மென்ட்டே கார்டுல அடிச்சுக் குடுத்துட்டாங்க"ன்னு கார்ல வர்றப்ப சிரிச்சா.

சனிக்கிழமை அண்ணன் வரிசையப் பத்திப் பேசிட்டிருந்தப்ப பாயசம் ஊத்திக் குடுத்துட்டிருந்தது அவதான். முதல் கப் அண்ணனுக்குத்தான் குடுத்தா.