பழைய ஸ்போர்ட்ஸ் கார்: விலை இறங்கும், ஸ்பேர் விலை இறங்காது

புதிதாக இறங்கியபோது 70, 80 லட்சம் விலையிருந்த இரண்டு கதவு ஜெர்மன் வண்டிகள், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு புதிய நடுத்தர எஸ்.யூ.வி.யின் விலைக்கு விளம்பரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை வாங்கலாமா?" என்று கேட்கும் தம்பிமார்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்போது கூடிவிட்டார்கள். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு மதிப்பீடு எழுதும் சர்வேயர் வேலையில் நான் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்வதானால், தேய்மானம் வண்டியின் விலையை மட்டும்தான் குறைக்கிறது. அந்த வண்டியை வைத்து ஓட்டும் செலவை அது தொடுவதேயில்லை. 20 லட்சத்துக்கு வாங்கினாலும் நீங்கள் பராமரிக்கப்போவது 80 லட்ச ரூபாய் வண்டியைத்தான்.

இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். வண்டி திருடுபோனாலோ முழுமையாகச் சிதைந்தாலோ கிடைக்கக்கூடிய உச்சத் தொகை அதுதான். அதைக் கணக்கிட ஓர் அட்டவணை வழக்கத்தில் இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் 5 சதவிகிதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவிகிதம் கழிக்கப்படும். ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். மாருதி ஆல்டோவுக்கும் போர்ஷே 911-க்கும் ஒரே அட்டவணை. சந்தை இந்த அட்டவணையைக் கேட்டு நடப்பதில்லை. சில வண்டிகள் மூன்றாம் வருடத்திலேயே பாதி விலைக்கு வந்துவிடுகின்றன, சில ஐந்து வருடம் ஆகியும் அசல் விலையை விட்டு அதிகம் இறங்குவதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவோம். உங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் ஐ.டி.வி. 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால் எல்லைக்கோடு 15 லட்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் ஒரு மாடு குறுக்கே வந்து முன்பக்கம் நொறுங்கினால், இரண்டு ஹெட்லைட், பானட், பம்பர், ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர், விரிந்த ஏர்பேக், அவற்றின் கண்ட்ரோல் யூனிட் என்று பில் போடத் தொடங்கும்போதே அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். காரணம், ஹெட்லைட்டுக்கு வயது ஏறுவதால் அதன் விலை இறங்குவதில்லை. இறக்குமதிச் செலவும் டாலர் மதிப்பும் கூடக்கூட ஏறத்தான் செய்யும். ஐந்து லட்ச ரூபாய் வண்டியில் சாதாரணமாகச் சரிசெய்து அனுப்பிவிடக்கூடிய அடி, இங்கே வண்டியையே முடித்துவிடுகிறது.

டோட்டல் லாஸ் வரை போகாவிட்டாலும் நிம்மதியில்லை. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் முழு விலையும் தரும் 'ஜீரோ டெப்' இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றிலும் பாதியை உரிமையாளர்தான் கட்ட வேண்டும். பத்து வருடம் தாண்டிய வண்டியில் உலோகப் பாகங்களிலும் பாதி அவர் தலையில்தான் விழும். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. வயதான வண்டிக்கு 'ஜீரோ டெப்' கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. ஆகவே 20 லட்சத்துக்கு வாங்க வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, வாங்கிய பிறகு ஒரு 5, 6 லட்சம் கையில் மிச்சம் இருக்குமா என்பதுதான். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் தானாகப் பழுதாகிப் போனாலும், மடங்கும் கூரையின் ஹைட்ராலிக் பம்ப் நின்றுபோனாலும், அது இன்சூரன்ஸில் வராது. போர்ஷே போன்ற வண்டிகளை கம்பெனி சர்வீஸுக்கு ஃப்ளாட் பெட் லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பும் செலவும் அதோடு சேரும்.

விலை ஏன் இப்படிச் சரிகிறது என்பதற்கு நம் நாட்டுக்கே உரிய காரணங்கள் இருக்கின்றன. ஷோரூம் விலை ஒரு கோடி இருக்கும் வண்டிக்குத் தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ் மட்டும் 20 லட்சம். 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவிகிதம். இன்சூரன்ஸ், விற்பவர் வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் ஒரு சதவிகித டி.சி.எஸ். எல்லாம் தனி. இரண்டாவதாக வாங்குகிறவர் இந்த வரிக்காக மனமுவந்து ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை, வரி என்னவோ வண்டியோடு தொடர்ந்து வந்தாலும். அதனால் முதல் உரிமையாளரின் இழப்பு, சாவியை வாங்கிய அன்றே தொடங்கிவிடுகிறது. வண்டியைக் கம்பெனி பெயரில் வாங்கியவருக்கு வருமான வரியில் ஆண்டுதோறும் 15 சதவிகிதம் தேய்மானம் கழிக்க இடமிருக்கிறது. கழிவை எடுத்து முடித்த பின் விற்கும்போது அவர் பேரம் பேசுவதில் காட்டும் அலட்சியம், சொந்தப் பணத்தில் வாங்கியவரிடம் இருக்காது. நல்ல விலைக்கு வரும் வண்டிகளில் பல இப்படி நிறுவனப் பெயரில் இருப்பவைதான்.

வரி மாறினாலும் பழைய வண்டியின் விலை ஒரே நாளில் ஆடிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 28 சதவிகித ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் என்றிருந்த முறை நீங்கி 40 சதவிகிதம் மட்டும் என்று ஆனபோது, புதிய சொகுசு வண்டிகளின் விலை லட்சக்கணக்கில் குறைந்தது. அதற்கு முந்தைய மாதம் அதே மாடலை ஒரு வருடப் பழையதாக வாங்கியிருந்தவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில், 100 சதவிகிதத்தைத் தாண்டியிருந்த கார் இறக்குமதித் தீர்வையைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் 10 சதவிகிதம் வரை படிப்படியாக இறக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் தயாராகும் மெக்லாரன், ஆஸ்டன் மார்ட்டின் வகையறாக்களைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

யூடியூப் பார்த்துவிட்டு வருகிற தம்பிகள், "போர்ஷே 911 விலை ஏறத்தானே அண்ணே செய்யும், அது முதலீடுதானே" என்பார்கள். காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட 911-களின் உற்பத்தி 1998-இல் நின்ற பிறகு, வெளிநாட்டுச் சந்தையில் அவற்றின் விலை மளமளவென்று ஏறியது உண்மை. ஆனால் அது வண்டிகள் நாடுவிட்டு நாடு தாராளமாகப் போய்வரும் சந்தை. இந்தியாவுக்குள் பழைய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது மூன்று வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் உள்ளன. பழம்பெரும் வண்டிகளுக்கு மட்டும் தனி விதி. இப்படி அடைபட்ட சந்தையில் அமெரிக்க ஏலத்தின் விலைப்பட்டியலைக் காட்டிப் பேசுவதில் பொருளில்லை. முதலீடு என்ற சொல்லை இந்தப் பேச்சில் கேட்டாலே, பேசுகிறவர் புரோக்கராக இருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இங்கே விலையைத் தாங்கிப் பிடிப்பவை வேறு. 2016-இல் ஃபோக்ஸ்வாகன் மூன்று கதவு போலோ ஜி.டி.ஐ.யை இந்தியாவுக்கென 99 வண்டிகள் மட்டும் கொண்டுவந்தது. ஏறக்குறைய 26 லட்சம் விலை சொல்லி, விற்காமல் நின்று, அடுத்த வருடமே 20 லட்சம் அளவுக்கு இறக்க வேண்டியதாயிற்று. போலோவுக்கு இவ்வளவா என்று அன்று ஒதுக்கியவர்களே பின்னாளில் அதைத் தேடத் தொடங்கினார்கள். 2020-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 வண்டிகள் 200 மட்டும் வந்தன. 36 லட்சத்தை ஒட்டிய விலை. இவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்புக்கொள்ள மறுப்பவர்கள் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு, ஓட்டத் தெரிந்தவர்களிடையே நல்ல பெயர், சாதாரண ஆக்டேவியாவோடும் போலோவோடும் பல பாகங்கள் ஒத்துப்போவதால் ஸ்பேர் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்த வண்டிகள் இவை. மறுபக்கத்தில் ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் 65 லட்சத்தை ஒட்டி வந்த ஐந்து லிட்டர் வி8 அது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று கம்பெனி சொல்லியும் வாங்குகிறவர்களுக்குத் தயக்கம் வந்துவிட்டது. அந்தத் தயக்கத்துக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு. வண்டியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த எஞ்சின் சத்தத்துக்கு நானும் திரும்பிப் பார்ப்பவன்தான்.

இனி நம் ஊர் விவகாரம். பி.ஒய். 01 நம்பர் பிளேட் வண்டி என்றால் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், புதுச்சேரியில் சாலை வரி தமிழ்நாட்டைவிட வெகு குறைவு. இந்த வித்தியாசத்துக்காகவே வெளி மாநிலத்தவர்கள் போலி முகவரியில் இங்கே பதிவு செய்து, 2017-இல் கேரளத்தில் பெரிய வழக்குகளாக வெடித்தது பலருக்கு நினைவிருக்கும். கடலூரில் வசிக்கும் ஒருவர் புதுச்சேரி வண்டியை வாங்கினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருக்கும்போது தமிழ்நாட்டிலேயே மறுபதிவு செய்தாக வேண்டும். அப்போது கேட்கப்படும் வரி, நீங்கள் பேரம் பேசி வாங்கிய விலையை வைத்து வராது. வண்டியின் அசல் விலையையும் அதன் வயதையும் வைத்து வரும். இதைக் கணக்கில் சேர்த்தால் கடலூரின் டி.என். 31 வண்டிக்கும் பி.ஒய். 01 வண்டிக்கும் விலையில் தெரிந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். டெல்லி வண்டிக்கும் இதே கணக்குதான். பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருடப் பெட்ரோலுக்கும் அங்கே விதித்த தடையால் தள்ளிவிடப்பட்ட வண்டிகள் தெற்கே வருகின்றன. பதிவு செய்த ஊரின் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. கையில் வராமல் பணத்தை முழுவதும் கொடுத்துவிடாதீர்கள்.

கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றும் வெள்ளமும் தனிக் கவலை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் குளமாயின. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் பெருக்கெடுத்தது. தரையை ஒட்டி நிற்கும் வண்டிக்கு முழங்கால் தண்ணீரே போதும். அப்படிப்பட்ட வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு, வாசனைத் திரவியம் அடிக்கப்பட்டு விற்பனைக்கு வரும்போது மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டை இழுக்கிற வரை இழுத்து, வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே இருக்கும் அந்தக் கடைசி அரை அடியைப் பாருங்கள்; சேற்று நிறத்தில் ஒரு கோடு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சீட்டைப் பின்னால் தள்ளி, அதைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் பல ஜெர்மன் வண்டிகளில் பேட்டரி அங்கேதான் இருக்கும்; அதைச் சுற்றிய ஓரங்களில் வண்டல் தங்கும், கழுவுகிறவரின் கை அங்கே எட்டாது.

'வெறும் 12,000 கிலோமீட்டர்தான் ஓடியது' என்பதும் எப்போதும் நற்சான்று ஆகிவிடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் போர்ட்டிகோவில் நின்றே வயதான டயரும், எத்தனால் கலந்த பெட்ரோல் தேங்கி ஈரம் இழுத்த டேங்க்கும், காய்ந்த ரப்பர் சீல்களும் வாங்கியவரின் கணக்கில்தான் வந்து சேரும். மாதம் ஒருமுறை திண்டிவனம் வரையாவது ஓட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றி, அந்த பில்லைக் கோப்பில் வைத்திருக்கிறவருடைய 40,000 கிலோமீட்டர் வண்டிக்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன்.

விற்பவரின் பழைய பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். அதில், கிளெய்ம் எடுக்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 50 சதவிகிதம் என்றிருந்தால் அவர் தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் எடுக்கவில்லை என்று பொருள். பத்து வருட வண்டியில், அதே உரிமையாளரிடம் அது பூஜ்யமாக இருந்தால், எந்த வருடம், எதற்காக என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. அந்த போனஸ் மனிதருக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. ஆகவே அது உங்களுக்கு வந்துவிடாது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களும், கடன் இருந்தால் வங்கி கையொப்பமிட்ட 35-ஆம் படிவமும் வேண்டும். ஆர்.சி. மாறும் வரை காத்திருக்காமல், வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். முந்தைய உரிமையாளர் பெயரிலேயே பாலிசி கிடக்கும் வண்டி அடிபட்டு வந்தால், எதிர்த் தரப்பினருக்கான பொறுப்பு மட்டும் தொடரும். உங்கள் வண்டியின் சேதத்துக்கு என்னால் ஒரு ரூபாய்கூட எழுத முடியாது.