கூட்டம் கலைந்த பின் நம் ஜெபம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை பஸ்ஸில் போகிறவர்கள் வீதியின் இரு பக்கமும் சபைகளின் பெயர்ப்பலகைகளைக் காணலாம். தகரக் கொட்டகையில் கூடும் சபையும் உண்டு, போருக்குப் பின் புதிதாக எழும்பிய ஆலயமும் உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்தின் முதல் நாளில் வாக்குத்தத்த ஆராதனை, ஆண்டு முடிவில் முழு இரவு ஜெபம் என்று வன்னியில் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிப்பதற்குக் குறைவில்லை. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒலிபெருக்கியும் பாடகர் குழுவும் இல்லாத நேரத்தில், நாம் தனியாக ஜெபிக்கிறோமா? வேதாகமத்தை நாமே திறந்து வாசிக்கிறோமா?

ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளிடம் "வீட்டில் வேதம் வாசிப்பது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "அம்மம்மா" என்றுதான் பதில் வரும். அம்மாவோ அப்பாவோ அந்தப் பதிலில் அபூர்வமாகத்தான் வருகிறார்கள். அந்த அம்மம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் வேதாகமத்தைத் திறக்கப்போவது யார் என்ற கவலைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

என் எண்ணத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு கிறிஸ்தவனின் விசுவாசம் அவனுடைய சொந்தமாவது தனி ஜெபத்திலும் தினசரி வாசிப்பிலும்தான். சபையில் கேட்டது போதகருடைய விசுவாசமாக இருக்கலாம், பெற்றோரிடமிருந்து வந்தது அவர்களுடைய விசுவாசமாக இருக்கலாம். அதை நான் என் வாயாலும் என் கண்ணாலும் எனக்குரியதாக்கிக்கொள்ளாவிட்டால், சபையும் போதகரும் எட்டாத இடத்துக்குத் தள்ளப்படும் நாளில் என் கையில் ஒன்றும் இருக்காது.

அப்படிப்பட்ட நாள் வராது என்று வன்னியில் வாழ்ந்த யாராலும் சொல்ல முடியாது. மன்னார் மாவட்டத்து மடு ஆலயத்தின் மாதா திருச்சொரூபமே போரினால் 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஆலயங்களை விட்டுவிட்டு, உடுத்த உடுப்போடு கிழக்கு நோக்கிப் போனோம். சபை சிதறியது. யார் எந்தப் படங்கின் கீழ் இருக்கிறார்கள் என்றே தெரியாது. பிறகு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களுக்குள் இருந்தார்கள். செட்டிகுளத்தில் ஒரே கூடாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். அங்கே அறை ஏது, கதவு ஏது? விடிய முன்னர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைய இருந்த தாய்மாரைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களுக்கு அதை யாரும் அங்கே வந்து கற்றுக்கொடுக்கவில்லை. ஊரில், குப்பி விளக்கு வெளிச்சத்தில், மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடான காலத்தில், நாள் தவறாமல் செய்து பழகியிருந்தார்கள்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு காட்டுக்குள் போன குடும்பங்களின் கதைதான் மடுவின் தொடக்கம். கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது 1687இல். இடையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஒரு தலைமுறையே குருவைக் காணாமல் வளர்ந்திருக்கிறது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை வைத்துத்தான் அவர் விசுவாசிகளை அடையாளம் கண்டார் என்று சொல்வார்கள். வீட்டுக்குள் இரகசியமாகச் சொல்லப்பட்ட ஜெபம் இல்லாமல் போயிருந்தால், அவர் வந்தபோது அடையாளம் காண்பதற்கு ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றைக்கே மடுவுக்கும் வந்தார். நான் கத்தோலிக்கன் அல்லன். ஆனாலும் அந்தக் குடும்பங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்றுதான் உணர்கிறேன்.

அவர்கள் கையில் தமிழ் வேதாகமம் இல்லை. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715இல். இன்று நம்மிடம் வேதாகமம் அலுமாரியிலும் இருக்கிறது, தொலைபேசியிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் பலர் வாசிப்பது, காலையில் யாரோ பூப் படத்தின் மேல் எழுதி அனுப்பும் ஒரு வசனத்தை மட்டும்தான். அதற்குக் கீழே "ஆமென்" போட்டுவிட்டால் அன்றைய வேத வாசிப்பு முடிந்தது.

ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து வாசிப்பதால் நாம் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு எரேமியா 29:11 போதும். வன்னியில் அந்த வசனம் இல்லாத கிறிஸ்தவ வீடு குறைவு. முச்சக்கர வண்டியின் பின்னாலும் இருக்கும், திருமண அழைப்பிதழிலும் இருக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது யாருக்கு எழுதப்பட்டது? பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட மக்களுக்கு. ஊரையும் ஆலயத்தையும் விட்டுப் பிரிந்தவர்களுக்கு. அதற்கு முந்தைய வசனம் என்ன சொல்கிறது? 70 வருடம் நிறைவேறின பிறகுதான் உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறது. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், பெருகுங்கள், நீங்கள் கொண்டுபோகப்பட்ட அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். இதெல்லாம் அதே கடிதத்தில் இருக்கிறது.

அதற்கும் முந்திய அதிகாரத்தைக் கட்டாயம் வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்று எரேமியாவே முதலில் சொல்கிறான். அவனுக்கும் அந்த ஆசைதான். ஆனாலும் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. மக்களைப் பொய்யை நம்பப் பண்ணினான் என்று வேதம் அவனைப் பற்றிச் சொல்கிறது.

மீள்குடியேறிய காணியில் முதல் மரவள்ளியை நட்டவர்களுக்கும், இன்னும் சொந்தக் காணி விடுபடாமல் காத்திருப்பவர்களுக்கும் இந்த இரண்டு அதிகாரங்களையும் விடப் பொருத்தமானதை நான் அறியேன். நமக்கென்றே எழுதியதுபோல இருக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மீதியை வாசிக்காமல் இருக்கிறோம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். "இந்த மாதத்துக்குள் உன் கடன் எல்லாம் தீரும், காணிக்கையை மட்டும் விசுவாசத்தோடு போடு" என்று ஒருவர் மேடையில் முழங்கும்போது, அனனியாவை வாசித்தவருக்கு உள்ளே ஒரு மணி அடிக்கும். வாசிக்காதவர், நுண்கடனுக்குக் கட்ட வைத்திருந்த காசை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். கிழமைதோறும் கடன் வசூலிப்பவர் படலையில் வந்து நிற்கும் பெண்களிடம் இப்படிப் பேசுவது பாவம் என்றே நான் சொல்வேன். பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தையே அப்படியா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது. பவுலுக்கே அந்தச் சோதனை என்றால் எந்தப் போதகரும் அதைத் தன்மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நல்ல போதகர் அதை விரும்புவார்.

ஒழுங்காக வாசிக்கிறவருக்கு எதிர்பாராத இடத்தில் அடியும் விழும். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு யாக்கோபு 5ஆம் அதிகாரத்துக்கு வந்து பாருங்கள். "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." இதைப் பூப் படத்தின் மேல் எழுதி யாரும் அனுப்ப மாட்டார்கள். தனியாக இருந்து வாசிக்கும்போது அதைத் தாண்டிப் போக முடியாது. கூலி பாக்கி வைத்திருப்பவருக்கு அன்றைக்கு ஜெபிக்க வாய் வராது.

ஜெபத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், சங்கீதம் 91ஐ மனப்பாடமாகச் சொன்னவர்கள் பலர். அது மற்றவர்களுக்கும் தைரியம் கொடுத்தது. ஆனால் அதைச் சொன்ன எல்லோரும் உயிரோடு வரவில்லை. இதை மேடையில் யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். 91ஐ மட்டும் தெரிந்தவருக்கு, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு ஜெபிப்பதற்குச் சொல் கிடைத்திராது. 13ஐத் தெரிந்தவருக்குக் கிடைத்திருக்கும்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" 88ஐத் தெரிந்தவருக்கும் கிடைத்திருக்கும். அந்தச் சங்கீதத்தின் முடிவில் விடியலே இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் பிள்ளைகளின் படத்தை ஏந்தி உட்கார்ந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். அப்படியொரு தாயிடம் போய் "அழாதே, விசுவாசமாய் இரு" என்பது வேதத்தை அறியாதவன் பேச்சு. கோபத்தையும் கேள்வியையும் அப்படியே தேவனிடம் கொண்டுபோக வேதமே நமக்குச் சொல் கொடுத்திருக்கிறது. ஆனால் சபை நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு 88ஆம் சங்கீதத்தைப் போல ஜெபிக்க யாராலும் முடியாது. அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று வார்த்தை தானாகவே அழகாகிவிடும், முடிவில் ஒரு ஸ்தோத்திரம் சேர்ந்துவிடும். பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் அழகில்லாத ஜெபத்தைச் சொல்ல முடியும். இயேசு அறைவீட்டைச் சொன்னதில் இதுவும் அடங்கும் என்று நினைக்கிறேன்.

நேரம் இல்லை என்பார்கள். உண்மைதான், நம் ஊரில் பலருக்கு நேரம் இல்லை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் விடிய முன்னரே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். விதைப்புக் காலத்தில் விவசாயிக்கு இரவும் இல்லை, யானைக் காவல் வேறு. அவர்களிடம் ஒரு மணி நேரம் ஜெபி என்று யாரும் சுமை ஏற்றக் கூடாது. ஆனால் மாற்கு முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். முதல் நாள் மாலை பட்டணம் முழுவதும் வாசலில் கூடி நின்றது, நோயாளிகள் அநேகரை இயேசு சுகப்படுத்தினார். அடுத்த நாள் அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார். வேலை குறைந்த நாளில் அவர் போகவில்லை.

கொஞ்சமாக இருக்கட்டும், நாள்தோறும் இருக்கட்டும். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. அப்படி வந்துதான் பயிர் விளைகிறது. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள், ஒரு அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சங்கீதங்கள் 150, நாளுக்கு ஐந்து என்றால் மாதத்தில் முடியும். முழு வேதாகமத்தின் 1189 அதிகாரங்களையும் நாளுக்கு மூன்று நான்காக வாசித்தால் ஒரு வருடம். லேவியராகமத்தில் நின்றுபோனால் பரவாயில்லை, சுவிசேஷத்துக்குத் திரும்பி வாருங்கள், விட்ட இடம் எங்கும் ஓடிப்போகாது. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமென்றால் இலகு தமிழ் மொழிபெயர்ப்பை வாசியுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. தொலைபேசியில் வாசிப்பவர்கள் அந்த நேரத்துக்கு மட்டும் டேட்டாவை நிறுத்திவிடுங்கள்.

வாசித்ததிலிருந்தே ஜெபம் பண்ணுங்கள். யாக்கோபை வாசித்தால் கூலிக்காரருக்காக, எரேமியாவை வாசித்தால் காணி கிடைக்காதவர்களுக்காக. பெயர் சொல்லி ஜெபியுங்கள். பக்கத்து வீட்டாரின் பெயர், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் அண்ணனின் பெயர், சிங்களக் கிராமத்தில் மகனைப் போரில் இழந்த தாய்க்காகவும். தனி ஜெபம் மனிதனை ஊர்ப் பிரச்சினையிலிருந்து ஒதுக்கிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, அவர் படலையைத் தாண்டி ஒன்றும் விசாரிக்காமல் போக முடிகிறதா என்று அவர்களே செய்து பார்க்கட்டும்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ கண் மங்கிப்போய் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டார் என்றால், மாலையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டுங்கள். எந்த அதிகாரம் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், ஏன் அது என்றும் கேளுங்கள். முகாமிலும் பங்கரிலும் அவர் எதைச் சொல்லி ஜெபித்தார் என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். பெரிய எழுத்து வேதாகமம் இருந்தால் தானே வாசிப்பேன் என்று சொல்கிற முதியவர்கள் உங்கள் சபையில் இருந்தால் எனக்கு அறிவியுங்கள், சேர்ந்து ஏற்பாடு செய்யலாம்.