காய்ச்சல் வந்தால் இன்சுலினை நிறுத்த வேண்டுமா?

"சர்க்கரை நோயாளிக்கு வைரஸ் காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காவிட்டால் இன்சுலினை நிறுத்திவிடுங்கள், சாப்பிடாத உடம்பில் சர்க்கரை ஏறாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. உயிரையே பறிக்கக்கூடிய தவறு.

தொற்றை எதிர்க்கும் உடல் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் கொட்டுகிறது. இன்சுலினின் வேலையும் மந்தமாகிறது. கஞ்சிகூடக் குடிக்காதவருக்கும் சர்க்கரை ஏறுவது இதனால்தான். உடலில் இன்சுலினே ஏறக்குறையச் சுரக்காத முதல் வகை நீரிழிவு உள்ளவர் அந்த நேரத்தில் இன்சுலினை விட்டுவிட்டால், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, அதில் உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேரும். அதன் அறிகுறிகளான வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு. நீர்ச்சத்து வற்றும்போது மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை மருத்துவர்கள் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலின் அளவையும் மாற்றக்கூடும். அந்த ஆலோசனையை இன்சுலினையே கைவிடச் சொல்வதாகத் திரித்ததுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

 

காய்ச்சல் நாட்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், ஊசியின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.