கொடுப்பதற்கும் ஓர் இடைவெளி வேண்டும்

இரத்தக் கொடையாளர்களைத் தேடித்தரும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். எங்களிடம் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. ஒருமுறை இரத்தம் கொடுத்தவரை, அவரே முன்வந்து கேட்டாலும், உரிய காலம் கழியும் முன் மறுபடி அனுப்பமாட்டோம். அந்தக் கால அளவு நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலும் 8 வாரம் முதல் 16 வாரம் வரை இருக்கும். கொடுத்த இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உடல் ஓரிரு நாளில் ஈடுசெய்துவிடுகிறது. சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இரும்புச்சத்தின் இருப்பு மீளச் சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். ஆகவே, கொடுத்த நான்காம் நாள் ஒருவர் "நன்றாகத்தானே இருக்கிறேன், இன்னொரு முறை வருகிறேன்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. தெம்பாக உணர்கிறார், அவ்வளவுதான். உள்ளே குறைந்தது இன்னும் நிரம்பவில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

இதை எத்தனையோ பேரிடம் பொறுமையாக விளக்கிய நான், என் நேரத்தையும் கவனத்தையும் மனத்தெம்பையும் கொடுத்த விதத்தில் அப்படி ஒரு விதியை வைத்துக்கொள்ளவே இல்லை. பகலெல்லாம் அலுவலகம், மாலையில் வீடு, இரவில் குழுவின் அழைப்புகள் என்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் இரவு, என் மகள் பின்னக் கணக்கு நோட்டோடு வந்து அருகில் நின்றாள். தொலைபேசியில் பேசிக்கொண்டே, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். அந்த அழைப்பு முடிந்ததும் அடுத்தது வந்தது. அதையும் முடித்து நான் நிமிர்ந்தபோது, அவள் நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அம்மா, இப்பக் கேக்கலாமா, இல்ல நாளைக்கு வரட்டுமா?" என்றாள். ஒரே வீட்டில், அடுத்த அறையில் உறங்கும் குழந்தை 'நாளைக்கு வரட்டுமா' என்று கேட்கிறாள். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்பவர்கள் கேட்கும் கேள்வி அது. அவள் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. பழகிப்போன ஒரு பணிவு இருந்தது. அந்தப் பணிவைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்று எனக்குப் புரிந்ததைச் சொல்லவே இந்தப் பதிவு. நம்மிடம் இருப்பதற்கு மேல் நாம் கொடுக்கும்போது, அந்தக் கடனைப் பெரும்பாலும் நம்மிடம் எதையும் வற்புறுத்திக் கேட்காதவர்களே அடைக்கிறார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று நாம் யாருக்கு அஞ்சுகிறோமோ அவருக்கு நம் முதல்தரமான கவனம் போகிறது. எப்படியும் பொறுத்துக்கொள்வார் என்று நாம் யாரை நம்புகிறோமோ அவருக்கு மிச்சம் மீதி கிடைக்கிறது. சோர்வை நாம் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். அது இடம் மாறியிருக்கும்.

உழைத்து உழைத்து உள்ளே வற்றிப்போவதைக் குறிக்க 'பர்ன் அவுட்' என்று இன்று எல்லாரும் சொல்லும் சொல்லை உளவியலில் அழுத்தமாகப் பதியவைத்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர். அவர் 1974இல் எழுதிய கட்டுரைக்கு அடிப்படையாக இருந்தது நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் அவர் பெற்ற அனுபவம். பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் அங்கே ஊதியமின்றி உழைத்தவர் அவர். தம்மிடமும் உடன் உழைத்தோரிடமும் கண்டதையே எழுதினார். இலாபத்துக்காகக் கசக்கிப் பிழியப்பட்ட ஊழியர்களிடமிருந்து இந்தச் சொல் வந்திருக்கும் என்றுதான் நான் நீண்ட நாள் எண்ணியிருந்தேன். விரும்பிச் சேர்ந்தவர்கள், பிறருக்காக மனம் உருகுகிறவர்கள், 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர்கள் முதலில் அந்தச் சித்திரத்தில் இருந்தார்கள் என்று அறிந்தபோது, யாரோ என் வீட்டுக்குள் எட்டிப்பார்த்தது போல இருந்தது. ஈடுபாடு சோர்விலிருந்து நம்மைக் காப்பாற்றும் என்பது உண்மையில்லை. ஈடுபாடு உள்ளவருக்குச் சோர்வு தாமதமாகத் தெரியவருகிறது, அதனால் ஆழமாக இறங்கிவிடுகிறது.

பிராய்டன்பெர்கர் சுட்டிய அடையாளங்களில் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இப்படிச் சோர்ந்தவர் வேலையில் செலவிடும் நேரம் கூடிக்கொண்டே போகும், முடிக்கும் வேலையோ குறைந்துகொண்டே வரும். எனக்கு நடந்ததும் அதுவே. ஒரே கோரிக்கைக்காக ஒரே கொடையாளரை ஒரே இரவில் இருமுறை அழைத்தேன். இன்னொரு முறை, பட்டியலில் தேதியைத் தவறாகப் படித்து, இடைவெளி முடியாத ஒருவரையே அனுப்பிவைத்தேன். இரத்தம் எடுக்கும் இடத்தில் பதிவேட்டைப் பார்த்தவர் கவனித்துத் திருப்பி அனுப்பியதால் அவருக்குத் தீங்கு நேரவில்லை. விதியைக் காக்க வேண்டியவளே விதியை மீறினேன். அக்கறை குறைந்ததால் அல்ல, அக்கறையைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

பலர் மனித ஆற்றலை மின்கலத்தோடு ஒப்பிடுகிறார்கள்: காலையில் நூறு விழுக்காடு, மாலையில் பத்து, இரவில் மீண்டும் ஏற்றினால் சரியாகிவிடும் என்று. இந்த ஒப்புமை எனக்குப் போதவில்லை. மனவுறுதி ஓர் எரிபொருளைப் போலத் தீரக்கூடியது என்று 1998இல் உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனைகள் பெரும் புகழ் பெற்றன. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் அத்தகைய சோதனை ஒன்றைச் செய்து பார்த்தபோது, அந்த விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. சோர்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு தொட்டி, ஓர் அளவுகோல் என்று சுருக்கிவிட முடியாது என்பதே பொருள். மூன்று மணி நேரம் ஒரு நண்பரோடு மனம்விட்டுப் பேசி எழுந்தபின் தெம்பு கூடியிருக்கிறது. பத்து நிமிடம் ஒருவர்முன் நடித்துவிட்டு வந்தபின் நாளே கனத்துப்போகிறது. எவ்வளவு செய்தோம் என்பதைக் காட்டிலும், செய்யும்போது நாம் நாமாக இருந்தோமா என்பது பெரிய கணக்கு.

வேலையிடத்தில் இந்த நடிப்புக்குப் பெயரே உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் 1983இல் இதை உணர்ச்சி உழைப்பு என்று விளக்கினார். விமானப் பணியாளர்கள் புன்னகைக்க வேண்டியிருப்பதையும் கடன் வசூலிப்பவர்கள் கடுமை காட்ட வேண்டியிருப்பதையும் அவர் ஆராய்ந்தார். உள்ளே ஓர் உணர்ச்சி, வெளியே வேறோர் உணர்ச்சி என்று எட்டு மணி நேரம் காப்பது, மூட்டை தூக்குவதைப் போலவே உழைப்பு. ஆசிரியர், செவிலியர், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர், வரவேற்பறையில் இருப்பவர் எல்லாரும் இதைச் செய்கிறார்கள்; ஊதியச் சீட்டில் அதற்கென்று தொகை எதுவும் இருக்காது. இவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தவுடன் அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் இருக்க விரும்பினால், அதை முகம் திருப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகல் முழுதும் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஆற்றல் கசியும் இன்னொரு வழி, வேலைகளுக்கு இடையே தாவுவது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ஆராய்ந்து காட்டினார். விட்டுப்போகும் முன், எந்த இடத்தில் நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஓரிரு வரி குறித்துவைத்தால் அந்தப் பிடி தளர்கிறது என்பதும் அவருடைய பிந்தைய ஆய்வில் தெரியவந்தது. நான் இதைக் கடைப்பிடிக்கிறேன். அலுவலகத்தை விட்டு எழும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதி மேசைமேல் வைத்துவிடுகிறேன். வேலை அந்தக் காகிதத்தோடு அங்கேயே இருந்துகொள்கிறது. தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைக் குறைத்துக்கொண்டு செய்யும் சேவை எதுவும் நெடுநாள் நிற்பதில்லை.

உறவுகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'உங்கள் ஆற்றலை உறிஞ்சுபவர்களை விலக்கிவிடுங்கள்' என்ற அறிவுரை எங்கும் பரவிக் கிடக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. துயரத்தில் இருக்கும் எந்த மனிதரும் சில காலம் கனமாகத்தான் இருப்பார். நானும் ஒரு காலத்தில் பலருக்குக் கனமாக இருந்திருக்கிறேன். அவர்கள் என்னை 'நச்சு மனிதர்' என்று ஒதுக்கியிருந்தால் இன்று இதை எழுத நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். சூழ்நிலையால் கனத்திருப்பவரையும், பிறரை வேலைக்காரராக நடத்துவதால் கனக்கிறவரையும் ஒரே பெயரில் அழைப்பது நியாயமில்லை. முதலாமவருக்குத் துணை நிற்க வேண்டும். இரண்டாமவரிடம் ஓர் எல்லையைச் சொல்ல வேண்டும். மௌனமாக மறைந்துபோவது இருவருக்குமே தகாது.

என் தோழி ஒருத்தி, மணமுறிவுக்குப் பின் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் அழைப்பாள். சில மாதங்களில் நான் 'ம்', 'ஆமாம்', 'சரிதான்' என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் துலக்கத் தொடங்கியிருந்தேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பேசினாள், ஏனென்றால் பாதி கேட்பவராவது ஒருவர் இருக்கிறாரே என்று அவளுக்கு. இது எனக்குப் பின்னால் தெரியவந்தபோது கூசிப்போனேன். ஒருநாள் துணிந்து, "இன்னைக்கு நான் முழுசா கேக்கற நிலையில இல்லடி. அரைகுறையா கேட்டு உன்ன ஏமாத்த மனசு வரல. ஞாயித்துக்கிழமை காலையில நானே கூப்பிடறேன்" என்றேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சரி என்று வைத்துவிட்டாள். அந்த இரண்டு நாள் எனக்கு நிம்மதியாக இல்லை. ஞாயிறு காலை நானே அழைத்தேன். கையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், சன்னலோரம் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேட்டேன். முடிவில் அவள், "இத்தன நாள்ல இன்னைக்குத்தான் நீ கேள்வி கேட்ட" என்றாள். சொன்ன நாளில் அழைக்காமல் விட்டிருந்தால், நான் சொன்னது எல்லை ஆகியிருக்காது, நாசூக்கான கைவிடல் ஆகியிருக்கும். ஆகவே மறுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு: எப்போது முடியும் என்று சொல்வது, சொன்னபடி வந்து நிற்பது.

பொதுக் காரியங்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. எந்தச் சங்கத்தை எடுத்துக்கொண்டாலும் மூன்று நான்கு பேரே எல்லாவற்றையும் சுமப்பார்கள். மற்றவர்கள் அவர்களைப் பாராட்டுவார்கள். பாராட்டு வளர வளரச் சுமையும் வளரும். மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று தமிழில் வெகு காலத்துக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். இதில் சுமப்பவரின் தவறும் உண்டு என்பதை என்னை வைத்தே சொல்கிறேன். 'நான் இல்லாவிட்டால் நடக்காது' என்ற எண்ணம் எனக்கு உள்ளூர இனித்தது. புதியவர்களுக்குப் பட்டியலைக் கொடுக்காமல் நானே வைத்திருந்தேன். பொறுப்பைப் பகிர்ந்தால் பிழை நேரும் என்று காரணம் சொன்னேன். பிழையைச் செய்தது நான்.

இதையெல்லாம் தனிமனிதரின் திறமைக் குறைவாகப் பார்க்கும் போக்கையும் எதிர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன் அவுட்டை விளக்கியபோது, அதைத் தனிப்பட்ட நோயாக வகைப்படுத்தாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகச் சொன்னது. இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவருக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் இந்த வரையறையைப் படிக்க வேண்டும். வீட்டிலும் இதே கதைதான். படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் ஒருவரிடம் 'உன்னையும் கொஞ்சம் கவனித்துக்கொள்' என்று சொல்வது எளிது. அவருக்கு அந்த அறிவுரை வேண்டாம். வாரத்தில் ஓர் இரவை எடுத்துக்கொள்ளும் இன்னொரு ஆள் வேண்டும். அண்ணன், தங்கை, கணவர், பிள்ளை என்று யாராவது ஒருவர் 'வெள்ளிக்கிழமை இரவு என்னுடையது' என்று கிழமையைக் குறித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் இப்போது முறைப்பட்டியல் இருக்கிறது. ஆறு பேர் இரவுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு வாரத்தில் இரண்டு. கொடையாளர் பட்டியல் ஆறு பேரிடமும் உண்டு, அனுப்பும் முன் தேதியை இருவர் பார்க்க வேண்டும். முதல் மாதம், என் முறை அல்லாத இரவுகளில் தொலைபேசியை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு குழுவில் அவசரக் கோரிக்கை ஒன்று வந்தது. விரல் தானாகவே எண்ணைத் தேடிப் போனது. அன்று முறையில் இருந்தவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இருபது நிமிடத்தில், "ஆள் கிடைச்சாச்சு, தேதியும் பார்த்தாச்சு" என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. எதிரே மகள் பின்னங்களின் பகுதிகளைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில் ஒரு தவறு செய்தாள். நான் சொல்லவில்லை; ஐந்தாவது வரிக்குப் போனபின் அவளே கண்டுபிடித்து அழித்தாள்.