ஜூலை 8: உலகத்தில் 99 விழுக்காட்டினருக்கு ஒரே நேரத்தில் வெயிலா?

"ஜூலை 8 இரவு 7.15-க்கு உலக மக்களில் 99 விழுக்காட்டினர் ஒன்றாகச் சூரியனைப் பார்க்கிறார்கள், ஆண்டில் அந்த ஒரு நாள்தான்" என்று சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அழகான கற்பனை, ஆனால் தவறு.

அந்த 99-இல் அந்திக் கருக்கலும் அடக்கம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை வரை இறங்கியிருந்தாலும் அந்தக் கணக்கு 'வெளிச்சம்' என்று சேர்த்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் தோக்கியோவில் மணி 8.15. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கண்ணுக்கு அது இரவுதான். நமக்கே அப்போதுதான் சூரியன் மறைகிறது. ஈசூன் புளோக் தாழ்வாரத்தில் நின்றால் செவ்வானம் தெரியலாம், அவ்வளவே. சென்னையில் மாலை 4.45, நல்ல வெயில். லண்டனில் நண்பகல் தாண்டியிருக்கும். சிட்னியில் முழு இருட்டு.

உண்மையிலேயே சூரியன் வானில் இருப்பது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மக்களுக்கு. அதுவே பெரிய விஷயம்தான்! ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் மக்கள்தொகை குவிந்திருப்பதும், வட பாதியில் அது கோடைக்காலம் என்பதும்தான் காரணம். அப்புறம், 'ஒரே நாள்' என்பதும் சரியில்லை. ஜூன், ஜூலையில் பல நாள்கள் இப்படித்தான்.