திரையில் தெரியும் புள்ளிக்கும் வயது உண்டு

எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் செயலியில் இரண்டு விமானங்கள் ஒட்டி நிற்கின்றன. மேலே ஒரு கேள்வி: ‘கண்ணெதிரே தெரிந்தும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தூங்கினாரா?’

திரையில் தெரிவது விமானம் சற்று முன் இருந்த இடம், இப்போது இருக்கும் இடம் அல்ல. நெடுந்தூர ரேடார் ஒருமுறை சுற்றிவர 10, 12 வினாடி ஆகும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட் அந்த 12 வினாடியில் 3 கி.மீ. தாண்டியிருக்கும். எதிரெதிரே வந்தால் 6 கி.மீ. நடுவானில் பொதுவாக 5 கடல் மைல் (சுமார் 9 கி.மீ.) இடைவெளி வைக்கச் சொல்வது சும்மாவா?

நான் ரேடார் பராமரிப்பு வேலையில் இருந்தபோது ஓர் இரவு தரவு இணைப்பு திணறியது. புதிய தரவு வரவில்லை. ஆனால் திரையில் விமானத்தின் குறியீடு அழகாக நகர்ந்துகொண்டே இருந்தது. பழைய வேகத்தை வைத்துக் கணினி ஊகித்து நகர்த்தியது. குறியீட்டின் வடிவம் மாறியதைக் கவனித்த கட்டுப்பாட்டாளர் அடுத்த நொடியே மைக்கில் விமானியிடம் இருப்பிடமும் உயரமும் கேட்டார். இப்படிப்பட்டவர்களைத்தான் தூங்கினார்கள் என்கிறீர்கள்.

‘விமானமே தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அரை வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறதே’ என்பீர்கள். சரி, அனுப்புகிறது. ஆனால் இருப்பிடத்தை அளப்பதற்கும் அனுப்புவதற்கும் இடையே 2 வினாடி வரை அமெரிக்க விதியே அனுமதிக்கிறது. அப்புறம் தரைநிலையம், மற்ற ரேடார் தரவோடு பொருத்துவது, திரைக்கு வருவது. உங்கள் செயலியில் விமானம் வழுக்கிக்கொண்டு போகிறதே, இடையில் அதுவும் ஊகம்தான். சீராக நகர்வதால் அது புதிய தரவு ஆகிவிடாது.

கட்டுப்பாட்டாளர்கள் தவறே செய்வதில்லையா? செய்வார்கள். அதை விசாரணை சொல்லட்டும், ஸ்கிரீன்ஷாட் சொல்ல வேண்டாம்.

2002 ஜூலை 1, ஜெர்மனியின் யூபர்லிங்கன். இரண்டு விமானங்கள் நடுவானில் மோதின. 71 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் தனி ஆளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதல் எச்சரிக்கையைத் திரையில் காட்டும் வசதி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. விமானங்களுக்குள் மோதல் தவிர்ப்புக் கருவி ஒலித்த ‘ஏறு’, ‘இறங்கு’ கட்டளைகள் அவர் திரைக்கு வரவே இல்லை. 2004இல், அந்த விபத்தில் குடும்பத்தை இழந்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார்.

‘பழைய கதை’ என்று யாராவது எழுதுவீர்கள். அந்தப் படத்தின் கீழே ‘இவனை சும்மா விடக்கூடாது’ என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின்னூட்டங்களையாவது நீக்குங்கள்.